வகுப்பில் எல்லாப் பிள்ளையும் யோசிக்க என்ன செய்யலாம்? ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களிலும், பயிற்சி முடிந்து டீ குடிக்கும் நேரத்திலும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 4 முதல் 8ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பாடம் எடுப்பவர்கள் கேட்டவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பசங்க கவனமா இருக்காங்களா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது? சத்தம் போடாம உட்கார்ந்திருந்தா போதாதா?

போதாது. கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனசு மதியச் சாப்பாட்டில் இருக்கலாம், நேற்று வீட்டில் நடந்த சண்டையில் இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த நிமிஷத்தில் பாடத்தைப் பற்றி யோசித்தே ஆகவேண்டிய நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாம் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டால் ஒருவர். எல்லோரையும் எழுதச் சொல்லிவிட்டுச் சுற்றிவந்தால் முப்பது பேர்.

கலகலப்பை மட்டும் வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். நீர்ச்சுழற்சிக்கு மாதிரி செய்யச் சொன்னால், பஞ்சை ஒட்டி மேகம் செய்வதிலேயே ஒரு பீரியடு சந்தோஷமாகப் போய்விடும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் யோசித்தது பஞ்சையும் பசையையும் பற்றித்தான். ஆவியாதல் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எந்தக் கருவியை எடுத்தாலும் ‘இதைச் செய்யும்போது பிள்ளை எதைப் பற்றி யோசிக்கும்?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருபவைதான்.

2. கையில காசு இல்ல, ஸ்கூல்லயும் நிதி இல்ல. எதுல ஆரம்பிக்கறது?

சிலேட்டில் ஆரம்பியுங்கள். ஒன்றாம் வகுப்போடு சிலேட்டை மூட்டை கட்டிவிடுகிறோம். எட்டாம் வகுப்புக்கும் அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. சிலேட்டு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளைத்தாள் செருகி, மார்க்கரால் எழுதித் துணியால் துடைத்துக்கொள்ளலாம். பழைய நோட்டின் பின்பக்கம்கூடப் போதும்.

முறை இதுதான். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். எல்லோரும் பதிலை எழுதிக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ‘தூக்கு’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்த வேண்டும். கவிழ்த்து வைக்கும் பழக்கம் முக்கியம், இல்லாவிட்டால் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து மாற்றிவிடுவார்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே ராகத்தில் பதில் வரும், அதிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. சிலேட்டைத் தூக்கினால் யாருக்கு எங்கே இடறுகிறது என்பது சில விநாடிகளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. தவறான புரிதலை வெளியே இழுத்துவரும் கேள்வியாக இருக்க வேண்டும். 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 5ஐ விட 35 பெரியது என்பதால் 0.35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இடமதிப்பு இன்னும் தசமப் புள்ளியைத் தாண்டி வரவில்லை. இதையே 0.5, 0.3 என்று கேட்டிருந்தால் எல்லோரும் சரியாக எழுதியிருப்பார்கள், நாமும் அடுத்த பயிற்சிக்குப் போயிருப்போம்.

3. எந்தக் கேள்வி கேட்டாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குறாங்க. மத்தவங்கள என்ன பண்றது?

கை தூக்கும் வழக்கத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். ஐஸ் குச்சிகளில் எல்லார் பெயரையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி எடுங்கள். எடுத்த குச்சியைத் திரும்ப அதே டப்பாவில் போட்டுவிட வேண்டும். தனியே வைத்தால் ‘என் முறை முடிஞ்சுது’ என்று அந்தப் பிள்ளை கவனத்தை விட்டுவிடும்.

வரிசையை மாற்றக் கூடாது: முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அதன் பிறகுதான் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் அந்த ஒருவரைத் தவிர யாரும் யோசிக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், ‘தெரியாது’ என்பது குறைந்தது. மூன்று விநாடி என்பது வகுப்பில் நிற்கும்போது மிக நீளமாகத் தோன்றும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பெயர் வந்த பிள்ளை ‘தெரியாது’ என்றால் திட்டவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளையிடமே திரும்பி வந்து, ‘இப்போ கேட்ட ரெண்டு பதில்ல எது சரின்னு நினைக்கிறே, ஏன்?’ என்று கேளுங்கள். யாரும் தப்பித்துவிட முடியாது என்பதும், யாரும் அவமானப்பட மாட்டார்கள் என்பதும் ஒரே சமயத்தில் வகுப்புக்குப் புரியும்.

4. பக்கத்துல இருக்கறவங்களோட பேசுங்கன்னு விட்டா சந்தைக்கடை ஆயிடுது. எச்.எம். வேற எட்டிப் பாக்குறாரு.

சத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பேச ஒன்றும் இல்லாமை. ‘இதைப் பத்திப் பேசுங்க’ என்று விட்டால் ஊர்க்கதைதான் வரும். முதலில் ஒரு நிமிஷம் தனியாக யோசித்து எழுதட்டும். பிறகு ஒன்றரை நிமிஷம் ஜோடியாகப் பேசட்டும், அதன் பிறகு குச்சி எடுத்துக் கேளுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபிராங்க் லைமன் என்பவர் 1981இல் எழுதிய முறை இது. முதல் படியான தனி யோசனையைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒன்று இருக்கும். நேரத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதும், நிறுத்துவதற்கு ஒரு கைதட்டல் தாளத்தைப் பழக்குவதும் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்.

சிலேட்டில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது ஜோடிப் பேச்சு மிகச் சிறப்பாக வேலை செய்யும். நாம் மறுபடி விளக்குவதற்கு முன், வேறு பதில் எழுதிய ஒருவரைத் தேடிப் பிடித்து ‘என் பதில்தான் சரி’ என்று நிரூபிக்கச் சொல்லுங்கள். பிறகு திரும்ப வாக்கெடுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி வகுப்பிலேயே இதைச் செய்துவருகிறார். இப்போதுதான் புரிந்துகொண்ட ஒரு பிள்ளைக்கு, புரியாத பிள்ளை எங்கே சிக்கியிருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு ஒரு ஜோடியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். வராந்தாவில் நிற்பவர் காதில் விழுவது இரைச்சல் மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் பாடம் கேட்கும்.

5. குழு வேலை கொடுத்தா ஒருத்தி எழுதுறா, மத்த நாலு பேரும் வேடிக்கை பாக்குறாங்க.

ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையை ஐந்து பேரிடம் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வந்து சண்டை மூண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இந்த ஏற்பாட்டை உருவாக்கினார். ஒருவரை ஒருவர் கேட்டால்தான் பாடம் முழுமையாகும் என்ற நிலையில், ஒதுக்கப்பட்ட பிள்ளையின் பேச்சையும் மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டி வந்தது. சாதி பார்த்துத் தனித்தனியே உட்காரும் பிள்ளைகள் இருக்கும் ஊர்களில் பாடம் எடுப்பவர்கள் இந்த வரலாற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் பாடத்தில் இதற்கென்றே அளந்து வைத்தது போல ஐந்திணை இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குக் குறிஞ்சி, ஒருவருக்கு முல்லை என்று ஆளுக்கொரு திணை. முதலில் எல்லாக் குறிஞ்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து நிலம், பொழுது, தொழில், பூ ஆகியவற்றைப் படித்துப் பேசித் தேறட்டும், மற்ற திணைக்காரர்களும் அப்படியே. பிறகு அவரவர் பழைய குழுவுக்குத் திரும்பிப் போய்த் தன் திணையைச் சொல்லித்தர வேண்டும். முடிவில் சிலேட்டுக் கேள்விகள். குறிஞ்சிக்காரருக்கு நெய்தலிலிருந்தும் மருதத்திலிருந்தும் கேள்வி வரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படிப்படியாக ஏற வேண்டிய பாடங்களுக்கு இது ஒத்துவராது. பின்னக் கழித்தலை ஐந்து துண்டாக வெட்டிக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

6. எங்க ஸ்கூல்ல ஒரே ரூம்ல மூணு வகுப்பு, ஒரு டீச்சர். இதெல்லாம் எங்களுக்குச் சரிவருமா?

உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தலை எண்ணிக்கைப்படி அந்தக் கணக்கு சரியாக இருக்கும் பள்ளியிலும், அந்த 30 பேரும் மூன்று வகுப்புகளில் இருந்தால் ஆசிரியரின் பாடு தனிதான்.

இதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, பின்னர் மாநிலம் முழுக்கப் போனது. பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை என்று வந்தவை எல்லாம் பல்வகுப்பு அறைக்காகவே யோசிக்கப்பட்டவை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் வகுப்பு எண்ணைவிடப் பிள்ளையின் நிலையைப் பார்க்கச் சொல்பவைதான். பெயர்கள் மாறலாம். அந்தத் தாழ்வான கரும்பலகை உங்கள் சுவரில் இன்னும் இருந்தால் வெள்ளையடித்து மூடவிடாதீர்கள்.

அன்றாடத்துக்கு ஒரு யோசனை: ஒரு வகுப்புக்கு நீங்கள் 15 நிமிஷம் நேரடியாக எடுக்கும்போது மற்ற இரண்டும் உங்கள் உதவியில்லாமல் ஓடும் வேலையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதிய அட்டைகளை வைத்து ஜோடியாகக் கேட்டுக்கொள்வது இதற்கு நன்றாக உதவும். அட்டைகளைப் பிள்ளைகளே செய்யட்டும். புதிய பாடத்தை மட்டும் தனியாகச் செய்யக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே படித்ததைக் கொடுங்கள்.

7. என்கிட்ட போன் இருக்கு, பசங்ககிட்ட இல்ல. க்விஸ் ஆப் எல்லாம் நடத்த முடியுமா?

பிளிக்கர்ஸ் என்ற ஆப் இதற்குப் பொருத்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் அட்டை, அதில் கறுப்பு வெள்ளைக் கட்டம். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதுதான் பதில்: ஏ, பி, சி அல்லது டி. நீங்கள் போன் கேமராவால் வகுப்பை ஒருமுறை வருடினால் யார் என்ன பதில் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் கட்டம் வேறு என்பதால் பார்த்து எழுதவும் முடியாது. சாதாரணத் தாளில் அச்செடுத்து அட்டையில் ஒட்டினால் போதும். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும்.

ஹைடெக் லேபில் கணினி கிடைத்தால் கஹூட் என்ற இணைய க்விஸ் நடத்தலாம், பிள்ளைகள் துள்ளுவார்கள். அதில் வேகமாகத் தொட்டவருக்கு அதிகப் புள்ளி. நிதானமாக யோசிக்கும் பிள்ளை பட்டியலில் கீழேயே கிடக்கும் என்பதால், புதிய பாடத்துக்கு அதை வைக்காமல் பழகிய பாடத்தை மீட்டுப் பார்க்க மட்டும் வையுங்கள்.

8. ஸ்மார்ட் போர்டு வந்திருக்கு. வீடியோ போட்டா அமைதியா பாக்குறாங்க. அது நல்லதுதானே?

முதல் பதிலை மறுபடி பாருங்கள். வீடியோ பார்க்கும் அமைதியும் கைகட்டி உட்காரும் அமைதியும் ஒன்றுதான். முக்கியமான இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று சிலேட்டில் எழுத வையுங்கள், பிறகு ஓடவிடுங்கள். எழுதிக் கொடுத்தபின் பார்க்கும் கண் வேறு. 2018 முதல் வந்த பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் கோடு வீடியோக்களையும் இப்படியே துண்டு துண்டாகப் பயன்படுத்தலாம்.

வீடியோவைவிட, தொட்டு மாற்றிப் பார்க்கக்கூடியவை மேல். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது கணினித் திரையில் செய்து பார்க்கும் சோதனைகள், இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்றுப் பாவனையில் இரண்டு பல்புகளைத் தொடரில் இணைத்து, ‘முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையுமா?’ என்று வாக்கெடுங்கள். முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று பலர் உறுதியாக நம்புவார்கள். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை இரண்டு பக்கமும் வைத்து ஒரே எண் வரும்போது வகுப்பில் கிளம்பும் வாக்குவாதத்தை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். முக்கோணத்தின் முனையை ஒரு பிள்ளை இழுக்க, கோணங்கள் மாறியும் கூடுதல் 180 ஆகவே நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள்.

9. கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல, லேபும் இல்லன்னா?

தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம், கிராமப் பள்ளியில் பிள்ளைகளே சோதனை செய்ய முடியும் என்று காட்டியது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா அங்கே போயிருந்தபோது உருவானதுதான் இந்தத் தீக்குச்சி விளையாட்டு. டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, குச்சிகளை அதில் செருகி மூலைகளை இணைக்க வேண்டும். சதுரம் செய்து அழுத்தச் சொல்லுங்கள், சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. ‘சதுரம் சாயாமல் நிற்க என்ன செய்யலாம்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மூலைவிட்டத்தில் ஒரு குச்சி வைக்கலாம் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பிறகு ஜன்னல் வழியே தெரியும் மின்கோபுரத்தையோ செல்போன் டவரையோ காட்டி முக்கோணங்களை எண்ண வையுங்கள்.

குப்தாவின் இணையதளத்தில் இப்படி நூற்றுக்கணக்கான பொம்மைகள் இலவசமாக இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான துளிரையும் பள்ளிக்கு வாங்கிப் போடுங்கள்.

10. சில பசங்க கண்ணால கத்துக்குவாங்க, சிலர் காதால, சிலர் செஞ்சு பாத்துன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க. தனித்தனியா பாடம் தயார் பண்ணணுமா?

வேண்டாம். 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் இதற்கான ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, பிள்ளைகளை அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். படமா, பேச்சா, செயலா என்பதைப் பாடப்பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். வரைபடம் எல்லோருக்கும் கண்ணால், செய்யுளின் ஓசை எல்லோருக்கும் காதால்.

11. ஸ்டார், சாக்லேட் கொடுத்தா உற்சாகமா செய்றாங்க. கொடுக்கலாமா?

பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்யும் வேலைக்குக் கொடுக்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதை விரும்பும் மழலைப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பின்னர் தாங்களாக வரையும் நேரம் குறைந்துபோனது. எதிர்பாராமல் கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே ‘செய்தால் தருவேன்’ என்ற பேரத்தைத் தவிர்த்து, செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: ‘ரெண்டாவது வரியில தப்பை நீயே கண்டுபிடிச்சு மாத்தியிருக்கே.’ ‘வெரி குட்’ என்பதைவிட இது பிள்ளைக்கு நீண்ட நாள் நினைவிருக்கும்.

12. நடத்துறப்போ எல்லாம் புரியுது, அடுத்த வாரம் கேட்டா பேய் முழி முழிக்கிறாங்க.

மறப்பது இயல்பு. மறக்கத் தொடங்கும்போது நினைவிலிருந்து இழுத்து எடுக்க வைப்பதே மருந்து. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தியிருந்தார்கள்.

பீரியடின் முதல் ஐந்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்குங்கள். நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. புத்தகம் மூடியிருக்கும், மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் போட்டால் அது இன்னொரு டெஸ்ட் ஆகிவிடும், பயம் வந்துவிடும்.

13. இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன். கேள்வியே புரியாதவங்க எங்க பதில் சொல்றது?

யோசிப்பது தமிழில் நடக்கட்டும். ஜோடிப் பேச்சு முழுக்கத் தமிழில் இருக்கலாம். முடிவில் எழுதுவதற்கு மட்டும் ஆங்கில வாக்கியத்தின் பாதியைப் பலகையில் கொடுத்து, மீதியை நிரப்பச் சொல்லுங்கள். வாரங்கள் போகப் போக, கொடுக்கும் பாதியைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

14. ஒருத்தன் மட்டும் எதுலயும் சேர மாட்டேங்கிறான். சிலேட்டைக்கூடத் தூக்க மாட்டேங்கிறான்.

அவனைத் தனியாக, யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்பில் அடம்பிடிப்பதாகத் தெரியும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் சரளமாக வாசிக்க வராது. தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிட அடங்காதவன் என்று பெயர் வாங்குவது அந்த வயதில் கௌரவம். வாசிப்புதான் சிக்கல் என்றால், வகுப்பில் எந்த உத்தியும் அதை மறைக்க உதவாது. தினமும் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து வாசிக்க வைப்பது ஒன்றே வழி.

வாசிக்க வருகிறது என்றால் வேறு காரணங்களைப் பாருங்கள்: பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டானா, விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய்விட்டு வருகிறானா. வகுப்பு நண்பர்களிடம் விசாரிக்காமல் அவனிடமும் வீட்டிலும் கேளுங்கள். அதுவரை, பேசாமல் பங்குபெற ஒரு வழியைத் திறந்து வையுங்கள். சிலேட்டைத் தூக்காமல் உங்களிடம் மட்டும் காட்டலாம் என்று சொன்னாலே சிலர் எழுதத் தொடங்குவார்கள். அடியோ, மற்றவர் முன் அவமானமோ கூடவே கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலுக்கும் மனதுக்கும் தரும் தண்டனை இரண்டையும் தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இந்தப் பதிலை மாற்ற மாட்டேன்.

15. எல்லாம் சரி. சிலபஸ் முடிக்கணுமே, இதுக்கெல்லாம் நேரம் எங்க?

நியாயமான கேள்வி, மேலதிகாரிகளிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. உங்கள் கையில் இருக்கும் அளவில் சொல்கிறேன். மேலே உள்ளவற்றில் ஐந்திணை போன்ற குழு வேலை மட்டும்தான் முழுப் பீரியடைக் கேட்கும், அதைப் பருவத்துக்குச் சில பாடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். குச்சி, மூன்று விநாடி, சிலேட்டு, ஜோடிப் பேச்சு எல்லாம் நீங்கள் எப்படியும் கேட்கப்போகும் கேள்விகளுக்குள் நுழைபவை. கேள்வி பதிலைக் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு எழுதவைக்கும் நேரத்தைக் குறைத்தால் இவை எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். பதில்கள் பாடநூலிலும் நோட்ஸிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

16. நான் செய்றது வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பீரியடு முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கையகலத் தாள்துண்டு கொடுத்து, அன்றைய பாடத்தின் மையமான ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வாங்குங்கள். திருத்த வேண்டாம். சரி, பாதி சரி, தவறு என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள், ஸ்டாஃப் ரூமுக்கு நடந்து போவதற்குள் முடிந்துவிடும். மூன்றாவது கட்டு பெரியதாக இருந்தால் நாளைய பாடக்குறிப்பை மாற்ற வேண்டும். அந்தக் கட்டில் ஒரே மாதிரியான தவறு பல தாளில் இருந்தால், நாளைய முதல் சிலேட்டுக் கேள்வி அதுதான்.